பொத்தான் டப்பாவும் 3 : 2 கணக்கும்

அக்கா மகள், வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வை எழுதப் போகிறாள். யாங்கோனில் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துத்தான் நாங்கள் உட்கார முடிகிறது, போய்விட்டால் சார்ஜ் லைட். பள்ளிக்கூடத்தில் எல்லாம் பர்மியத்தில் படித்தவள், தமிழ் வீட்டில் மட்டும்தான். அதனால் விகிதம், நிகழ்தகவு என்று நான் ஆரம்பித்தால் முழிக்கிறாள், பங்கு என்றால் உடனே பிடித்துக்கொள்கிறாள்.

இட்லிக்கு அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு. இரண்டும் சேர்ந்து 2 வீசை என்றால் உளுந்து 0.4 வீசை, மீதி 1.6 அரிசி, கிலோவாக மாற்றவே வேண்டாம். இதை வாயாலேயே சொல்கிறவள், பயிற்சிக் கேள்வியில் மட்டும் உளுந்து மொத்தத்தில் நாலில் ஒன்று என்று போட்டுவிடுகிறாள். அரிசிக்குத்தான் அது நாலில் ஒன்று, மொத்தத்தில் ஐந்தில் ஒன்று. எந்தக் கணக்கானாலும் முதலில் மொத்தப் பங்கை எழுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று மாட்டியது வேறு மாதிரிக் கேள்வி. சிவப்பும் வெள்ளையும் 3 : 2, கண்ணை மூடி ஒன்று எடுத்தால் சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 3/5. சரி, எடுத்ததைத் திருப்பிப் போடாமல் இன்னொன்றும் எடுத்தால், இரண்டுமே சிவப்பாக இருக்க? சட்டென்று 9/25 என்றாள்.

அக்காவின் பொத்தான் டப்பாவைக் கொட்டினோம். சிவப்பு 3, வெள்ளை 2 வைத்தால் முதல் தடவை 3/5, அடுத்ததற்கு நாலில் இரண்டுதான் மிச்சம், பெருக்கினால் 3/10. அதே விகிதத்தில் 6-ம் 4-ம் வைத்தால் 6/10 பெருக்கல் 5/9, அதாவது 1/3. விகிதம் மாறவில்லை, விடை மாறிவிட்டது! ஒரு தடவை எடுக்க விகிதம் போதும், திருப்பிப் போடாமல் இரண்டு எடுக்க எண்ணிக்கை தெரிந்தே ஆகவேண்டும். ஜிஆர்இ-யில் இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகளுக்கு 'கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது' என்று நாலாவது விடை எப்போதும் இருக்கும். அவசரத்தில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முதல் கணிதப் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், ஒன்றுக்கு 105 வினாடி, அவசரம் வரத்தான் செய்யும். எண்ணிக்கை கொடுத்திருக்கிறானா என்று பார்க்க ஐந்து வினாடி போதும் என்பதால் அதை நான் விடவே மாட்டேன்.

அப்புறம் 'குறைந்தது ஒன்று' என்று கேட்டால், ஒன்றுகூட வராத வாய்ப்பைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழித்துவிடு. பத்துப் பொத்தானில் இரண்டு எடுத்துக் குறைந்தது ஒன்று சிவப்பாக இருக்க என்றால், இரண்டுமே வெள்ளையாக வர 4/10 பெருக்கல் 3/9, அதாவது 2/15. 1 கழித்தல் 2/15, ஆக 13/15. இதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

கரண்ட் போனபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. 30 சிவப்பு, 20 வெள்ளை என்று வைத்துப் போட்டுப்பார்த்தாள், 0.355 வந்தது. "மாமா, பொத்தானைக் கூட்டிக்கொண்டே போனால் என் 9/25-ஐத் தொட்டுவிடுமா?" என்றாள். 9/25 என்பது 0.36. கிட்டே போய்க்கொண்டே இருக்கும், ஆனால் தொடாது, ஏனென்றால் முதலில் எடுத்த சிவப்பு டப்பாவில் இல்லையே என்றேன். அதை அவளே எழுதிப் பார்க்கட்டும் என்று லைட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.