பத்து நிமிட வள்ளி

நன்கொடை விருந்தின் நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆறாவது, சும்பா நடனம். ஏழாவது, வள்ளி திருமணம், 10 நிமிடம். எட்டாவது, அதிர்ஷ்டக் குலுக்கல்.

முதலில் சிரிப்புதான் வந்தது. நான் வள்ளி வேடம் கட்டிய புதுக்கோட்டைப் பக்கம் ராத்திரி பத்து மணிக்குக் கோமாளியான பபூன் மேடையேறினால், முருகன் வள்ளிக்கு மாலை போடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். இங்கே குலுக்கல் பெட்டியைத் தூக்கி வருவதற்குள் கல்யாணம் முடிய வேண்டுமாம்.

கல்யாணமாகி வந்த இந்த மலேசிய ஊர், சுங்கை சிப்புட், எனக்குப் பழகிவிட்டது. வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், விலை சொன்னால் மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்ப்பதில்லை. காலையில் "பசியாறியாச்சா" என்று நானே முந்திக்கொண்டு கேட்கிறேன். பங்குனி பிறந்தால் மட்டும் ராத்திரி தூக்கம் பிடிக்காது. இந்நேரம் எந்தப் பொட்டலில் எந்த ஸ்திரீபார்ட், என்னைப்போல் நாயகி வேடக்காரி, அரிதாரம் பூசுகிறாளோ, மைக் செட்காரன் சரியாக வைத்தானோ என்று கிடப்பேன்.

காசில்லாமல் பாடுவதில் எனக்கு வருத்தமில்லை. தேசத்துக்காகப் பாடிப் பாடிச் சிறைக்குப் போன நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வழி வந்த தொழில் இது. 1940இல் முருகன் வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் போனது. இந்த ஊரும் கொடுத்துப் பழகிய ஊர். மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த மண். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் அவர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். "எங்கப்பாவும் போட்டாரு" என்று மாமியார் சொல்லாத வாரமில்லை. தமிழ்ப்பள்ளிக் கட்டடம், யாருக்கோ டயாலிசிஸ், கோயில் கூரை என்று எதற்குக் கூப்பிட்டாலும் போய்விடுவேன்.

என் ஆற்றாமையெல்லாம் ஆர்மோனியக்காரருக்குப் பதிலாக ஓடவிடுகிற மைனஸ் ஒன் ட்ராக், அந்தக் குரலில்லாத பதிவிசை மேல்தான். எங்கள் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு எல்லாருக்கும் பாடம். மற்றதெல்லாம் மேடையில் வாய்க்கு வாய். நாரதர் தர்க்கத்தில் வள்ளியான என்னை மடக்குவார், நான் அவரை மடக்குவேன். நான் பதில் தேடித் தவிப்பது தெரிந்தால் ஆர்மோனியக்காரர் சுருதியை இழுத்துப் பிடித்து நேரம் வாங்கித் தருவார், கூடவே ஒரு கேலியும் விடுவார். அந்த மனிதரை எந்தப் பென்டிரைவில் ஏற்றுவது?

விருந்தன்று கேன்டீன் மேசைதான் எனக்குத் தினைப்புனத்துப் பரண். பறவை விரட்டும் ஆலோலம் பாடினேன். பழக்கதோஷத்தில் நாரதரைப் பார்த்து ஒரு கேள்வி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ட்ராக் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டது. முன்வரிசையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நல்ல வாசனை, அதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். மாமியார் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். "விடிய விடிய நாடகம் பாத்தா பெரட்டுக்கு யாரும்மா போறது?" என்றார். பெரட்டு என்றால் விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் இருட்டிலேயே தலைவிளக்கோடு காட்டுக்குள் இறங்கிவிடுவார்களாம். எங்கள் ஊரில் முருகன் மாலையை எடுக்கிற நேரம் அது.

நியாயம்தான். ஆனால் இப்போது எங்கள் வீட்டில் யார் பெரட்டுக்குப் போகிறார்கள்? ரப்பர் இருந்த இடமெல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. கொழுந்தன் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். விடிய விடிய விழித்திருக்கிற ஆள்தானே அவர்!

உறுமி மேளம் அடிக்கிற பையன் ஒருவன் கீபோர்டும் வாசிக்கிறான். அவனுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறேன். மடக்கினால் "அக்கா, போதும்லா" என்கிறான், ஆனாலும் மறுநாள் வந்துவிடுகிறான். பங்குனி உத்திரத்துக்குக் கோயில் தலைவரிடம் இரண்டு மணி நேரம் கேட்டேன். அரை மணி தருகிறேன் என்கிறார். நான் இறங்குவதாக இல்லை.