வறுத்த கடலை முளைக்காது

என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், போய், வருகிற தை மாதத்தோடு இரண்டு வருஷம். அதே தை மாதத்தில்தான் என் மகளுக்குப் பிரசவ நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அது தெரிந்த நாளிலிருந்து கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கெழவி திரும்பி வருது பாரு." சந்தோஷமாகத்தான் சொல்கிறார்கள், எனக்கும் கேட்க இனிக்கிறது. ஆனால் ராத்திரி படுத்தபிறகு தூக்கம் வருவதில்லை. திரும்பி வரவே கூடாது என்றுதானே அம்மாயி தினமும் விளக்கு வைத்துக் கும்பிட்டாள்?

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. பாட்டெல்லாம் காதால் கேட்டுப் படித்தது. பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் காரைக்கால் அம்மையார் கேட்ட வரத்தைத்தான் தன் வரமாகக் கேட்பாள். "பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்புண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும்." அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டாள். கையெடுத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எங்கள் ஊர் கேரளத்தில் இருக்கிறது என்றுதான் பெயர், மழை எங்களை எட்டிப் பார்ப்பதில்லை. மலை மறைவுப் பூமி. நெல்லை நம்ப முடியாமல் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் கடலை இரண்டு சாக்கில் இருக்கும். ஒன்று விதைக்கு, ஒன்று தின்பதற்கும் செக்குக்கும். விதைச் சாக்கில் நாங்கள் கை வைத்தால் அடி விழும். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, மணல் போட்ட சட்டியில் அம்மாயி கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "பொறக்காம எப்படி அம்மாயி இருக்கறது?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சட்டியிலிருந்து ஒரு பருப்பும் விதைச் சாக்கிலிருந்து ஒரு பருப்பும் எடுத்து வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஈர மண்ணில் ஒரு சாண் தள்ளித் தள்ளி ஊன்றினாள். தினமும் போய்ப் பார்க்கச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து ஒன்று மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தது. மற்றதைத் தோண்டிப் பார்த்தேன், ஊறி நொறுங்கிப் போயிருந்தது.

"வறுத்தது மொளைக்காது கண்ணு. அவ்வளவுதான்."

பிற்பாடு தமிழ் படித்து, இங்கேயே தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, சைவ சித்தாந்தம் கொஞ்சம் படித்தபோதுதான் அன்று அவள் எனக்கு என்ன காட்டினாள் என்று புரிந்தது. வினையை மூன்றாகப் பிரிப்பார்கள். பிறவி பிறவியாகச் சேர்த்து வைத்திருப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க என்று எடுத்து விட்டது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். சாக்கிலிருக்கும் விதை, காட்டில் போட்ட விதை, அறுப்பில் மறுபடி ஒதுக்கி வைக்கிற விதை என்று வைத்துக்கொண்டால் எங்கள் ஊரில் யாருக்கும் விளங்கும். ஞானமோ அருளோ தீயாக வந்து சாக்கை வறுத்துவிட்டால் விதைக்க ஒன்றும் மிஞ்சாது. உயிர் அழிவதில்லை. அதைக் கட்டியிருந்த ஆணவம், கன்மம், மாயை மூன்றும் வலுவிழந்து, இறைவன் திருவடியில் அது தங்கிவிடுகிறது. பெரியவர்கள் அதைத்தான் வீடு என்றார்கள். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். தமிழில் மோட்சத்துக்கும் நாம் குடியிருக்கிற இடத்துக்கும் ஒரே பெயர்.

சரி, இவ்வளவு தெளிவாகத் தெரிந்த அம்மாயி இன்னொன்றும் சொல்வாள். எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் சொன்னது: "அடுத்த பொறப்புல உன்ற பக்கமே வந்து பொறக்கறேன் சாமி. அப்ப நீ எனக்குத் தேச்சு உடு." விளக்கின் முன்னால் பிறவாமை, என் தலைமாட்டில் பிறப்பு. இரண்டையும் ஒரே வாயால், முழு மனசோடு சொன்னாள்.

அவள் போன அன்று சிவபுராணம் படித்தார்கள். "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்ற அடி வந்தபோதுதான் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. புல், பூண்டு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, கல் என்று அடுக்கிக்கொண்டே போய் இளைத்தேன் என்கிறது பாட்டு. 86 வயதில் கட்டிலில் கிடந்த அந்த உடம்பில் அந்த இளைப்பு அப்படியே தெரிந்தது. உறவில் ஒரு பெரியவர் ஆறுதலாக, பழைய துணியைக் கழற்றிப் புதுத்துணி உடுத்துகிற மாதிரிதான் ஆத்மா உடம்பை மாற்றுகிறது என்று கீதையை எடுத்துச் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னது. ஆனால் எனக்கு அந்தப் பழைய துணிதான் வேண்டியிருந்தது. அவளுடைய சேலைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தபோது, நெகமம் பருத்திச் சேலை ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் என் பீரோவில் வைத்துக்கொண்டேன். செத்தவர் துணியை வைத்திருக்கக்கூடாது என்பார்கள். தெரிந்துதான் வைத்தேன்.

சாம்பலைச் சித்தூர்ப்புழையில் கரைத்தோம். சித்தூர்ப் பக்கம் இந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். ஆனைமலையிலிருந்து வருகிற தண்ணீர் இது. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு வழியாக எங்கள் பக்கம் வரவேண்டும். தை மாதத்தில் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது அதனால்தான். அந்தத் தண்ணீர் பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகி, திருவில்வாமலை ஓரமாகப் போய், பொன்னானியில் கடலில் விழுகிறது. அன்று கரையில் நின்று மனசுக்குள் அந்த வழியெல்லாம் அவளோடு போய்வந்தேன்.

இந்தக் கார்த்திகையில் நிஜமாகவே திருவில்வாமலைக்குப் போனோம். குருவாயூர் ஏகாதசி அன்று அங்கே புனர்ஜனி குகையில் ஆண்கள் ஒரு வாயில் வழியாக நுழைந்து மறு வாயில் வழியாக வெளியே வருவார்கள். புனர்ஜனி நூழல் என்பார்கள். பரசுராமர் கொன்ற க்ஷத்திரியர்களின் உயிர்கள் கதியடைய விசுவகர்மா அமைத்துக் கொடுத்த குகை என்பது அந்தத் தலத்து ஐதீகம். உள்ளே போய் வெளியே வந்தால் பாவம் கழிந்து மறுபிறப்பு எடுத்த கணக்கு. என் தம்பி அம்மாயியை நினைத்துக்கொண்டு போனான். நான் வெளியே பாறை மேல் காத்திருந்தேன். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. உயிருக்கு ஆண் பெண் என்பது கிடையாது என்று எல்லா நூலும் சொல்லும்போது இந்த வழக்கம் எனக்கு வலிக்கத்தான் செய்தது, இப்போதும் வலிக்கிறது. அம்மாயிக்காகப் போக என்னைவிட உரிமை யாருக்கு இருந்தது?

தம்பி வெளியே வந்தபோது முழங்கை உரிந்திருந்தது, உடம்பெல்லாம் சேறு. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னான்: "ஒரு எடத்துல நகரவே முடியல அக்கா. கண்ணு தெரியாத இருட்டு. முன்னாடி இருக்கறவரு கால்தான் தலையில படுது. பின்னாடி யாரோ தள்ளுனாங்க, முன்னாடி யாரோ கைய நீட்டுனாங்க. முகம் தெரியாது. அவங்க இல்லாட்டி வந்திருக்க மாட்டேன்." அதைக் கேட்டதும் மனசு லேசானது. பிறப்பும் சாவும் தனியாக நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்ன இருட்டில் முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள்.

இதற்கு முன் ஆடி அமாவாசையில் நடந்ததையும் சொல்லவேண்டும். இங்கே மலையாளிகளுக்கு அன்று கர்க்கடக வாவு. ஒரே படித்துறையில் அவர்கள் பலியிட்டுவிட்டு ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள், நாங்கள் கா கா என்று கத்துவோம். காக்கைக்கு இரண்டு பாஷையும் தெரியும். சோற்றை வைத்துவிட்டு எழுந்தபோது அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்: "அம்மாயி மறுபடி பொறந்திருந்தா இந்தச் சோறு யாருக்குங்க போகும்?" அவர் யோசிக்கவே இல்லை. "மாடாப் பொறந்திருந்தாப் புல்லாப் போய்ச் சேரும், மனுசனாப் பொறந்திருந்தாச் சோறாப் போய்ச் சேரும்" என்றார். "பொறக்காமலே இருந்தா?" என்றேன். "அப்ப நீ செஞ்சது உனக்கே நல்லது, போம்மா" என்றார்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை காலடிக்குப் போயிருக்கிறேன். ஆதிசங்கரர் பிறந்த ஊர். அவருடைய தாய் ஆர்யாம்பாளின் சமாதி அங்கே இருக்கிறது. துறவி யாருக்கும் ஈமக்கடன் செய்யக்கூடாது. ஆனால் கடைசி நேரத்தில் வந்துவிடுவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகச் சங்கரர் வந்தார், உறவினர் உதவாதபோது தாமே தகனம் செய்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பிரம்மம் ஒன்றே, பிறப்பும் இறப்பும் மாயையில் தெரிவது என்று ஊர் ஊராகப் போய் நிறுவியவர் அவர். அந்தச் சமாதி முன்னால் நின்றபோது அவர்மேல் எனக்கு வந்த மரியாதை, அவருடைய தத்துவத்தைப் படித்து வந்ததைவிட அதிகம்.

சேர மன்னராயிருந்த குலசேகர ஆழ்வார் வேறு மாதிரி. செல்வம் மிகுந்த இந்த உடம்பெடுத்த பிறவி வேண்டாம் என்று ஆரம்பித்து, வேங்கடத்துக் கோனேரியில் குருகாய்ப் பிறப்பேனே என்கிறார். மீனாக இருந்தால் போதும் என்கிறார். படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே என்கிறார். கடைசியில் அந்த மலைமேல் ஏதேனும் ஆவேனே என்று முடிக்கிறார். பிறவியை வெறுத்தவரா, ஆசைப்பட்டவரா? இரண்டும்தான். அப்பரும், அந்த எடுத்த பொற்பாதத்தைக் காணப்பெற்றால் மனிதப் பிறவியும் வேண்டுவதே என்றார். இவர்களையெல்லாம் வகுப்பில் பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அம்மாயி சொன்ன இரண்டு வாக்கியமும் ஒன்றையொன்று அடிப்பதாக அப்போதெல்லாம் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இந்த இரண்டு வருஷமாக நான் கும்பிட்டதெல்லாம் எனக்காகத்தான். வா, வந்து பிற, என் வீட்டுக்கே வா. ஒருவர் மேல் உயிராக இருந்துகொண்டு, அவர் இனி எங்கும் எந்த உருவத்திலும் நம் கண்ணில் படவே வேண்டாம் என்று வேண்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. திருவில்வாமலையிலிருந்து வந்த அன்று விளக்கு வைத்துவிட்டு முதல்தடவையாக அவள் கேட்டதை அவளுக்காகக் கேட்டேன். பிறவாமை வேண்டும். தொண்டை அடைத்தது. கேட்டு முடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். தொட்டிலுக்கும் கீழே விரிக்கவும் பழைய பருத்தித்துணி வேண்டும் என்றாள், புதுத்துணி பிள்ளை உடம்புக்கு ஆகாது. பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தேன். அவள் அடையாளம் கண்டுகொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, அவங்கதான் வருவாங்களா?"

"யாரு வந்தாலும் எண்ணெய் தேச்சு உடலாம் சாமி" என்றேன்.

துவைத்துத் துவைத்து நைந்த துணி, இழுத்ததும் கிழிந்தது. கரை மட்டும் கெட்டி. பிள்ளைக்கு உறுத்தும் என்று அதைக் கத்தரித்து எடுத்தேன். தொட்டிலுக்கு ஒன்று போக, ஆறு துண்டு வந்தது.