முகூர்த்தத்துக்கு எந்த லென்ஸ்?

"கேமராவுல என்ன இருக்கு, எல்லாம் கண்ணுலதான்" என்று சொல்பவர்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் பகலில் வயல், மாடு, ஆற்றங்கரை என்று எடுப்பவர்களாக இருப்பார்கள். தை மாதக் காலையில் திருவையாறு பக்கம் பனிக்குள் சூரியன் எழும்புகிறபோது கையில் இருக்கிற போனே போதும், அதை நான் மறுக்கவில்லை. என் பிழைப்பு கும்பகோணம், மயிலாடுதுறை சுற்றுவட்டாரக் கல்யாணங்கள். நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் வெளியே விடிந்திருக்காது, உள்ளே மண்டபக்காரர் போட்ட வெளிச்சம்தான்.

அங்கே பேச்சு கிடையாது, கணக்குதான். கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் கூடும்). விலை குறைந்த 50 எம்எம் லென்ஸ் 1.8 வரை திறக்கும். வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால் வித்தியாசம் மூன்று மடங்கு இல்லை, கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒன்றில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் அளவை, 6400 வைத்து முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிற இடத்தில் இன்னொன்றில் 640 போதும். (1.8இல் மாப்பிள்ளை தெளிவாக இருந்தால் பெண் கலங்கிப்போவாள் என்பதால் நான் 2.5இல் நிறுத்துவேன், அதிலும் ஐந்து மடங்கு லாபம்.) ஃப்ளாஷ் அடிக்கலாமே என்றால், ஹோமப் புகைக்கு நேராக அடித்தால் புகைதான் படமாகும், மேலே அடித்துத் திருப்பலாம் என்று பார்த்தால் டெக்கரேஷன்காரர் பச்சைத் துணி கட்டியிருப்பார், பெண்ணும் பச்சையாகிவிடுவாள்.

ஆக லென்ஸுக்குக் காசு போடுங்கள். பாடிக்கு, அதாவது லென்ஸ் மாட்டுகிற கேமராவுக்கு? 12க்கு 36 ஆல்பத்தை விரித்தால் ஒரு பக்கம் 18 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 5400, பழைய 24 மெகாபிக்சல் கேமராவிலேயே அகலத்தில் 6000 புள்ளி இருக்கிறது. இரண்டு கார்டு போடுகிற வசதி மட்டும் இருக்கட்டும், ஒரு கார்டு மண்டையைப் போட்டால் தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. சத்தமே வராத ஷட்டர் இப்போது பெரிய பெருமை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி விநாடிக்கு 100 தடவை மினுக்கும், அந்த வெளிச்சத்தில் ஷட்டரை 500இல் ஒரு பங்கு விநாடி வைத்து சத்தமில்லாமல் எடுத்தால் படத்தில் வரிவரியாக விழும். ஷட்டரை 100இல் ஒரு பங்குக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரிந்திருப்பதற்கு விலை இல்லை.

மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றிவிட்டுத் திரும்பியதும் எல்லா கேமராவும் மாப்பிள்ளை கையையே பார்க்கும். நான் தவில்காரரைப் பார்ப்பேன். அவர் ஐயரின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த விரல் அசைந்ததும் இவர் தோள் நிமிரும், கெட்டிமேளம் கிளம்பி அட்சதை பறப்பதற்குள் எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். நாத்தனார் எந்தப் பக்கம் நிற்கப்போகிறார் என்பதை முதல் நாளே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவைத்துவிடுவேன், முடிச்சுப் போட அவர் குனியும்போது பெண்ணின் முகம் மறையாத இடத்தில் நிற்க வேண்டுமே. எந்த ஆட்டோஃபோகஸும் இதைச் செய்யாது.

கருவியைப் பார்த்து ஆளை எடைபோடுவது மட்டும் மாறவில்லை. "என்ன தம்பி, கேமரா இத்தனூண்டா இருக்கு, வெளியூர்க்காரன் பெருசா கொண்டாந்தானே?" என்று பெண்ணின் மாமா கேட்பார். "இது புது மாடல் மாமா, உள்ள கண்ணாடி கிடையாது" என்று சொல்லிப் பார்ப்பேன். நம்ப மாட்டார். அதற்காகவே பெரிதாகத் தெரிகிற ஒரு 70-200 லென்ஸை வாடகைக்கு எடுத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவதுண்டு.

அப்புறம், கல்யாணம் முடிந்து பெரிய கோயில் முன்னால் நின்று எடுக்க வேண்டும் என்பார்கள், அதுவும் சாயங்காலம். ராஜராஜன் 1010இல் கிழக்கு பார்த்துக் கட்டி முடித்த கோயில், மாலையில் வாசல் பக்கம் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், எத்தனை லட்சத்துக் கேமராவிலும் முகம் கறுக்கும். காலையில் வாருங்கள் என்பேன். வருகிறவர்கள் கொஞ்சம்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் தவணையில் பெரிய பாடி எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். 50 எம்எம் லென்ஸைச் சொந்தமாக வாங்கு, பாடியை முகூர்த்த நாளுக்கு வாடகைக்கு எடு என்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.