ஃபிளாஸ்க் மஞ்சளான அன்று

அக்காவுக்குச் சிறுநீரகம் மாற்றி ஒன்பது வருடம் ஆகிறது. காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று என டாக்ரோலிமஸ் மாத்திரை. தம்ளரை எடுக்கும்போது விரல்கள் லேசாக நடுங்கும், மாத்திரை தந்த நடுக்கம். வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காப்பதும் அதே மருந்து, வருடக்கணக்கில் அந்தச் சிறுநீரகத்தையே அரிக்கக்கூடியதும் அதே மருந்து. நான் ஆய்வகத்தில் செல் வளர்ப்பது அவளால்தான்.

நான் வளர்ப்பது ஒழுங்குபடுத்தும் டி செல்கள். டி செல் என்பது நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளணு. 'டிரெக்' என்போம். தாக்கப் புறப்படும் மற்ற டி செல்களை இவை அடக்கி வைக்கும். இவற்றைப் பெருக்கி உடலில் செலுத்தினால் மாத்திரையைக் குறைக்கலாம் என்பதுதான் நம்பிக்கை. 1995-இல் ஷிமோன் சகாகுச்சி எலிகளில் இவற்றை அடையாளம் காட்டினார். 2001-இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் டிரெக் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 ஜீனைக் கண்டுபிடித்தார்கள். 2025-இல் மூவருக்கும் நோபல் என்ற செய்தி வந்ததும் அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

ரத்தத்தில் உள்ள, சிடி4 என்ற வகை டி செல்களில் இவை 5 முதல் 10 சதவீதம்தான். பிரித்தெடுத்து, ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளோடு சேர்த்து, டி செல்களை வளரத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதம் கொடுத்து வளர்க்க வேண்டும். டிரெக் அதைத் தானாகச் சுரக்காது, அக்கம்பக்கத்து செல்கள் சுரப்பதை வாங்கித்தான் பிழைக்கும். டாக்ரோலிமஸ் குறைப்பதும் அதே இன்டர்லூகின்-2 சுரப்பைத்தான். அக்கா விழுங்கும் மாத்திரை, தாக்கும் செல்லை அடக்கும்போதே காக்கும் செல்லின் சோற்றிலும் கை வைக்கிறது. இது புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் ஒரு தவறு செய்தேன். டிரெக்கின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 புரதம் செல்லின் கருவுக்குள் இருப்பது. அதைப் பார்க்க செல்லைத் துளைத்துச் சாயம் ஏற்ற வேண்டும், அதோடு செல் செத்துவிடும். அதனால் உயிருள்ள செல்லைப் பிரிக்கும்போது செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களில் சிடி25 அதிகமாகவும் சிடி127 குறைவாகவும் இருக்கிறதா என்று வெளித்தோற்றத்தை வைத்தே எடுப்போம். நிறைய செல் கிடைக்கட்டும் என்று சிடி127-க்கான எல்லையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். பதினான்காம் நாள் ஃபிளாஸ்கை எடுத்தால், சிவப்பாக இருந்த திரவம் எலுமிச்சை மஞ்சளாகிக் கிடந்தது. செல்கள் வெகுவேகமாகப் பெருகி அமிலம் சேர்ந்திருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். சாயம் ஏற்றிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் ஃபாக்ஸ்பி3 இல்லை. உள்ளே நுழைந்த சாதாரண டி செல்கள் டிரெக்கை முந்திக்கொண்டு பெருகியிருந்தன. ஒருவர் உடலில் செலுத்தியிருந்தால், வைத்த உறுப்பையே தாக்கக்கூடிய கூட்டம். அத்தனையையும் கொட்டினேன்.

இப்போது எல்லையை இறுக்கிவிட்டேன், ராபமைசின் என்ற மருந்தும் சேர்க்கிறேன். அது சாதாரண டி செல்களைத்தான் அதிகம் தடுக்கும், டிரெக் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

"எனக்கு எப்போடா போடுவே?" என்று அக்கா கேட்கிறாள். ஜப்பானில், ஹொக்கைடோவில், கல்லீரல் மாற்றிய 10 பேருக்கு இத்தகைய செல்கள் கொடுத்து, 7 பேர் மருந்தை முழுதாக நிறுத்தியதாக 2016-இல் வெளியானது. அதைச் சொன்னேன். மற்ற மூவருக்கு மருந்தைக் குறைத்தபோது நிராகரிப்பு தலைகாட்டியதையும், கல்லீரல் சிறுநீரகத்தைவிட எளிதில் ஏற்கப்படும் உறுப்பு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அப்புறம், ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

புது ஃபிளாஸ்குக்கு இன்று ஆறாம் நாள். மைக்ராஸ்கோப்பில் மணிகளைச் சுற்றிச் செல்கள் சின்னச் சின்னக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. திரவம் இன்னும் சிவப்புதான்.