பாலாற்றில் அடித்த ஒரு சொல்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வேலூர் பஸ் ஏறினால், விருதம்பட்டு தாண்டியதும் பாலாற்றுப் பாலம். 1999இல், கல்லூரிக் காலத்தில், அந்தப் பாலத்தின் மேல் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கவிதை எழுதினேன். பதினோரு வரி. கடைசி வரி இது: 'பாலாறு, இனி மணல் மட்டும்.'

போன மாசிக் கடைசியில் அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பாலத்தை இந்த முறை நடந்தே கடந்தேன். கீழே சீமைக்கருவேலம், நாணல், ஓரத்தில் தேங்கிய சாக்கடை, நடுவில் அகலமாக மணல். முதல் பார்வைக்கு என் வரி சரிதான் என்றே தோன்றியது.

இதற்குள் அதை இரண்டு முறை திருத்தியிருந்தேன். 2008இல் கோபம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகள் ஆற்றில் விட்ட கழிவு, அதைப் பற்றி 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எல்லாவற்றையும் உள்ளே திணித்தேன். பதினோரு வரி நாற்பதானது. சொன்னதில் பொய் இல்லை, ஆனால் கவிதை போய் மனு வந்துவிட்டது. அப்புறம் 2021 நவம்பர். கரை புரண்டு ஓடிய ஆற்றைச் சென்னையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். அன்றிரவே 'ஆறு திரும்பி வந்தது' என்று ஒரு பத்தி சேர்த்தேன். நேரில் பார்க்காமல் எழுதியது. இப்போது படித்தால் அந்தப் பத்தியில் ஈரமே இல்லை.

என்னை உலுக்கியது சேக்கிழார். பெரியபுராணத்தில், திருக்குறிப்புத் தொண்டர் கதையில், தொண்டை நாட்டைப் பாடும்போது பாலாற்றைப் 'பாலி' என்கிறார். கோடையில் உழவர்கள் மணல்மேட்டைக் கையால் பிசைந்து வருட, பிள்ளை தடவியதும் பால் சுரக்கும் தாய்போல நீர் பெருகி, கால்வாய் ஏறி, வயல் மடையை உடைக்கிறதாம். 12ஆம் நூற்றாண்டிலேயே இது கோடையில் மணலாகக் கிடந்த ஆறுதான். அவர் மணலைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழேயும் பார்த்திருக்கிறார். நான் பஸ் ஜன்னலோடு நின்றுவிட்டேன்.

அதைக் கண்ணால் பார்க்கத்தான் வேலூரிலிருந்து மேற்கே விரிஞ்சிபுரம் போனேன். மதிலழகுக்குப் பேர்போன கோயில். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே ஆற்றில் இறங்கினேன். வெயில் ஏறியிருந்தது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, மணல்ல நின்னு எழுதிக்கினு கீற?"

"ஆத்தைப் பத்தித்தான் பெரியவரே. தண்ணியே இல்லையே."

"யார் சொன்னது? கீழ கீது. ஒரு மொழம் நோண்டு."

நான் தயங்குவதைப் பார்த்து அவரே வந்து குந்தினார். இரண்டு கையாலும் மணலை வாரி வாரி வெளியே தள்ளினார். மேலே இருந்தது வெளுத்துச் சுடுகிற மணல். ஒரு சாண் போனதும் நிறம் மாறிப் பழுப்பானது. இன்னும் கொஞ்சம் போக, கையில் ஒட்டியது. குழியின் ஓரம் மெல்லச் சரிந்தது. அடியில் சத்தமில்லாமல் ஒரு கண்ணளவு தண்ணீர் ஊறி, கலங்கி, பிறகு தெளிந்தது. "முன்னல்லாம் ஒரு சாண்லயே ஊறும். மணலை அள்ளிக்கினு போய்ட்டானுங்க," என்றார். அள்ளப்பட்ட மணலோடு போனது அந்தத் தண்ணீரின் வீடும்தான் என்று அப்போது உறைத்தது. குனிந்து உள்ளங்கையை உள்ளே வைத்தேன். அந்த வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

அங்கேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். 2008இல் சேர்த்ததை முழுதாக அடித்தேன். 2021 பத்தியையும் அடித்தேன். கடைசி வரியில் 'மட்டும்' என்ற ஒரு சொல்லை அடித்தேன். 'இனி'யும் கூடவே போனது. இனி எப்படி என்று அந்த ஆற்றுக்கு நான் எப்படிச் சொல்வது? இருபது வயதுக்காரனின் மற்ற வரிகளை விட்டுவிட்டேன். அவன் பார்த்த வறட்சி பொய்யில்லை. கவிதையின் கீழே 1999 அப்படியே இருக்கும், பக்கத்தில் இந்த வருடமும் வரும்.

'பாலாறு, மணல்.' அந்த வரி இப்போது இவ்வளவுதான். வாய்விட்டுப் படித்தால் ஓசை பாதியில் நிற்கிறது. காட்பாடி பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நாலைந்து சொற்களை அங்கே வைத்துப் பார்த்தேன், எதுவும் உட்காரவில்லை. கை நகத்துக்குள் இன்னும் மணல் இருந்தது.