நெஞ்சைத் திறக்காமல் ஒரு வால்வு

இதயத்தின் மகாதமனி வால்வு சுருங்கிப்போய், நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையையும் தாங்க முடியாத முதியவர்களுக்கு முன்பெல்லாம் பெரிதாக வழியில்லை. இன்று தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, மடித்து வைத்த புது வால்வை இதயத்திலேயே விரிக்கிறார்கள். பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. புது வால்வைத் தாங்கும் ஸ்டென்ட் என்ற உலோக வலைச்சட்டம் அதை ஓரமாகத் தள்ளி, சுண்ணாம்பு படிந்த அந்த இதழ்களையே பிடிமானமாக்கிக்கொள்கிறது. என்னை அசத்துவது இதுதான்!

டென்மார்க்கின் ஹென்னிங் ஆண்டர்சன் 1989-இல் கையால் செய்த வால்வைப் பன்றிகளுக்குப் பொருத்திக் காட்டினார். மனிதருக்கு இதை முதலில் செய்தவர் பிரான்ஸின் அலன் கிரிபியே, 2002-இல். இடையில் 13 ஆண்டுகள், எவ்வளவு பிடிவாதம் வேண்டியிருந்திருக்கும்!

சரி, அடுத்த கேள்வி: விலங்குத் திசுவால் ஆன இந்த வால்வு வயது குறைந்தவர்களுக்கு எத்தனை ஆண்டு உழைக்கும்?