காலின் தமனியை அளக்கும்போது

சிங்கப்பூரில் நீரிழிவு உள்ள நம்மவர் பலருக்குக் கால் பரிசோதனை என்றால், பலதுறை மருந்தகத்தில் பாதத்தில் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி பார்ப்பதும் கணுக்காலருகே நாடியைத் தேடுவதும்தான். நாடி சரியாகப் பிடிபடாதபோதோ புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும்போதோதான், மருத்துவமனையில் என்னைப் போல ஒலியலையால் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுப்பவரிடம் அவர்கள் வந்து சேர்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு விகிதம் மொத்தத்தில் 11.3 விழுக்காடாகவும் இந்தியர்களிடையே 17.2 விழுக்காடாகவும் இருந்தது; ஆகவே என் அறையில் தமிழ்க் குரல் கேட்காத வாரம் அரிது. அறிக்கையில் தமனியின் விட்டமாகக் குறித்த மில்லிமீட்டர் எண்ணைக் காட்டி, இது நல்லதா கெட்டதா என்று பலர் கேட்கிறார்கள். எந்த இடத்தில், எப்படி அளந்தது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொடை இடுக்கில் உள்ள தமனியின் விட்டம் ஆண்களுக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும் பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். தொடையில் இறங்கும்போது அது 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து, முழங்காலுக்குக் கீழே 2, 3 மில்லிமீட்டர் கிளைகளாகப் பிரிகிறது. வயதும் உடல்வாகும் இந்த அளவுகளை மாற்றும்.

ஜெல் தடவிக் கருவியைக் குறுக்காக வைத்தால் தமனியும் சிரையும் இரண்டு கரிய வட்டங்களாகத் தெரியும். மெல்ல அழுத்தினால் சிரை நசுங்கிவிடும். தமனி துடித்தபடி வட்டமாகவே நிற்கும். திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டு, எதிரொலி திரும்பும் நேரத்தைத்தான் கருவி தூரமாக மாற்றுகிறது. இதனால் ஒலி செல்லும் திசையில், அதாவது திரையில் மேலிருந்து கீழாக, அளவு துல்லியமாக இருக்கும். பக்கச் சுவர்கள் மங்கிவிடுவதால் இடமிருந்து வலமாக அளப்பதை நான் நம்புவதில்லை.

வாழைத்தண்டைச் சாய்வாக நறுக்கினால் வட்டம் நீள்வட்டமாவதுபோல, 6 மில்லிமீட்டர் தமனியை 30 பாகை சாய்வில் பார்த்தால் அதன் நீண்ட அச்சு ஏறக்குறைய 7 மில்லிமீட்டராகக் காட்டும். நெடுக்காக வைத்து அளக்கும்போது தவறு எதிர்த்திசையில் நேரும்: ஒலிக்கற்றை நடுக்கோட்டை விட்டு 1.5 மில்லிமீட்டர் விலகினாலே, அதே தமனி 5.2 ஆகச் சுருங்கித் தெரியும். எனவே முதலில் குறுக்குவெட்டில் வட்டம் வட்டமாகவே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அளப்பதுதான் முறை.

எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர் வரை என்பதும் பெரிய விஷயம். சென்ற ஆண்டு வேறோரிடத்தில் எடுத்த ஸ்கேனில், முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனி 12 மில்லிமீட்டர் என்றிருந்த பெரியவர் ஒருவருக்கு, நான் அளந்தபோது 14 வந்தது. "என்னம்மா, ஒரே வருஷத்துல ரெண்டு மில்லிமீட்டர் வீங்கிடுச்சா?" என்று அவர் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. அவர் கொண்டுவந்திருந்த வட்டில் பழைய படங்கள் இருந்தன. தமனியின் உள்ளே சுவரை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரத்தக்கட்டி படிந்திருக்க, அதை விட்டுவிட்டு ரத்தம் ஓடும் கரிய வழியை மட்டும் அளந்திருந்தார்கள். அதே படத்தில் வெளிச்சுவர்களுக்கு இடையே அளந்தால் 14தான். "வீங்கலைங்க ஐயா, போன தடவை உள்பக்கத்தை மட்டும் அளந்திருக்காங்க" என்று படத்தைக் காட்டினேன்.

தமனி வீக்கம் பார்க்கும்போது வெளிச்சுவர்தான் கணக்கு. கட்டி தடித்துப்போன தமனியில் உள்வழி இயல்பான அகலத்திலேயே இருக்கலாம். அதை மட்டும் அளப்பவர் நோயையே தவறவிடுவார். முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனி 20 மில்லிமீட்டரை எட்டினால் பொதுவாக அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். கட்டி சிதறிக் கீழே உள்ள சிறு கிளைகளை அடைத்துவிட்டால் காலையே இழக்க நேரிடும் என்பதுதான் அச்சம். ஒரு முழங்காலின் தமனியில் வீக்கம் இருந்தால் மற்றதையும் வயிற்றுப் பெருந்தமனியையும் பார்த்தே ஆக வேண்டும்.

நீரிழிவு முற்றியவர்களிடம் சிக்கல் வேறு. தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு, ஒலியைத் தடுத்துத் திரையில் கறுப்பு நிழலை விழச் செய்வதால் விட்டம் எடுக்கவே முடியாமல் போகும். அப்போது டாப்ளர் முறையில், ஒலிக்கற்றை ரத்த ஓட்டத்துக்கு 60 பாகைக்கு மேற்படாத கோணத்தில் இருக்கும்படி வைத்து, ரத்தத்தின் வேகத்தைப் பார்க்கிறோம். முந்தைய பகுதியைவிட வேகம் இரண்டு மடங்கானால் விட்டம் பாதியளவேனும் குறுகியிருக்கிறது என்று கொள்கிறோம். கணுக்கால் அழுத்தமும் அவர்களிடம் பொய் சொல்லும்: இறுகிய தமனி அழுத்தம் பார்க்கும் பட்டைக்கு அடங்காததால், கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 1.4-ஐத் தாண்டிவிடும், எனவே கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்கிறோம்.

அந்தப் பெரியவருடைய அறிக்கையில் "குறுக்குவெட்டு, முன்பின் திசை, வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை" என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதினேன். அடுத்த முறை வேறு யார் கையில் கருவி இருந்தாலும் அதே முறையில் அளக்கட்டும். மறு முழங்காலையும் வயிற்றையும் அன்றே பார்த்துவிட்டோம்; இரண்டிலும் வீக்கம் இல்லை.